எளிதில் காணலாம் என்று எழுதியவர்

எனக்குக் கோவம் சீக்கிரம் வரும். வந்தா சீக்கிரம் போகாது. இதை முதல்லயே சொல்லிடறேன். பின்னாடி யாரும் "ஏம்மா, இத்தனை வருசமா இதையா மனசுல வெச்சுக்கிட்டு இருந்தே"ன்னு கேக்கக் கூடாது. ஆமா, வெச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். பத்திரமா வெச்சிருந்தேன்.

என் கைடு மேல வெச்சிருந்த கோவம் அது. ஆராய்ச்சிப் படிப்புக்கு வழிகாட்டுற பேராசிரியரத்தான் நாங்க கைடுன்னு சொல்லுவோம். பல்கலைக்கழகத்துல கணக்குத் துறையில பெரிய ஆளு. அவரு பேரச் சொன்னா சுத்துப்பட்டு நாலு மாவட்டத்துல இருக்கற கணக்கு வாத்தியாருங்க எல்லாம் எந்திரிச்சு நிப்பாங்க. நான் பாப்பாரப்பட்டி பக்கத்துல இருந்து போனவ. அப்பா ராகியும் மாவும் வெச்சிருந்த விவசாயி. தேசிய அளவுல நடக்கற பரீட்சையில பாஸ் பண்ணி, ஃபெலோஷிப் வாங்கிக்கிட்டுத்தான் அவருகிட்ட சேந்தேன். சும்மா போய்க் கெஞ்சிக்கிட்டு நிக்கலை.

முதல் நாளு என்னை ஏற இறங்கப் பாத்துட்டுக் கேட்டாரு: "தருமபுரியா? அங்க மாங்காதானே வெளையும். மேத்தமேட்டிக்ஸுமா வெளையுது?" ரூமுல இருந்த எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அந்தச் சிரிப்ப நெனச்சா இன்னிக்கும் எனக்கு என் மேலயே பத்திக்கிட்டு வருது.

கணக்குல ஆராய்ச்சி பண்றதுக்கு லேப் வேணாம், மெஷின் வேணாம், கெமிக்கல் வேணாம். பேப்பர் வேணும், பேனா வேணும், மூணு வேளை சோறு வேணும். அந்தச் சோறுதான் ஃபெலோஷிப். அது மாசாமாசம் பேங்க்ல வந்து விழும். ஆனா தானா விழாது. "இந்த மாசமும் இந்தப் புள்ளை ஒழுங்கா வேலை பண்ணுச்சு"ன்னு கைடு கையெழுத்துப் போடணும். எங்க ஆளு கையெழுத்து எப்பப் போடுவாருன்னா, அவரு திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டையெல்லாம் நாங்க திருத்தி முடிச்சப்புறம் போடுவாரு. அவங்கம்மாவுக்கு ஆஸ்பத்திரியில டோக்கன் வாங்கிக் குடுத்தப்புறம் போடுவாரு. இதை யாரும் தப்பாவே நெனைக்கலை. எல்லாத் துறையிலயும் இதுதான் வழக்கம்னு சீனியருங்க சொன்னாங்க.

அதையெல்லாம்கூட நான் பொறுத்துக்கிட்டேன். விடைத்தாள் திருத்தறதுல என்ன வந்துடப் போவுது. நான் பொறுக்காத விஷயம் வேற.

அவருக்குப் பேரு வாங்கிக் குடுத்தது ஒரு லெம்மா. பெரிய தேற்றத்த நிரூபிக்கறதுக்கு முன்னாடி, அதுக்கு முட்டுக் குடுக்க ஒரு சின்னத் தேற்றம் எழுதுவோம், அதான் லெம்மா. புள்ளிகளும், புள்ளிகள இணைக்கற கோடுகளும் சேந்த படங்களப் பத்தினது அது. சில நிபந்தனைக்குள்ள வர்ற எந்தப் படத்த எடுத்துக்கிட்டாலும், அதுல எந்த ஒரு புள்ளிய எடுத்துட்டாலும், மிச்சப் படம் துண்டாகாம ஒண்ணாவே இருக்கும். இவ்வளவுதான் லெம்மா. நிரூபணம் அரைப்பக்கம். அந்த அரைப்பக்கத்துக்கு நடுவுல ஒரு வரி: "இதை எளிதில் காணலாம்."

கணக்குக்காரங்களுக்கு இது ஒரு பழக்கம். எழுதச் சோம்பலா இருக்கற எடத்துல, தெளிவுன்னு தோணற எடத்துல, "எளிதில் காணலாம்"னு போட்டுட்டு அடுத்த வரிக்குப் போயிடுவோம். படிக்கறவனும் நமக்குத்தான் தெரியலை போலன்னு வெக்கப்பட்டுக்கிட்டுத் தாண்டிடுவான். கஷ்டமான எடத்த எல்லாரும் திருப்பித் திருப்பிப் பாப்பாங்க, அங்க தப்பு தங்காது. எளிதுன்னு எழுதின எடத்துலதான் தப்பு காலை நீட்டிப் படுத்துக்கிட்டு இருக்கும்.

எனக்கு அந்த வரியத் தாண்ட முடியலை. எளிதில் காணலாம்னா எனக்கும் கண்ணு இருக்குதே, ஏன் காண முடியலை? உக்காந்து உக்காந்து பாத்தேன். ஹாஸ்டல் மெஸ்ஸுல தட்டுக்குப் பக்கத்துல புள்ளி வெச்சுப் பாத்தேன். கடைசியில ஒம்பது புள்ளியில ஒரு படம் வந்துச்சு. நிபந்தனை எல்லாத்துக்கும் பொருந்துது. நடுவுல இருக்கற ஒரு புள்ளிய எடுத்தா படம் ரெண்டா விழுது. லெம்மா பொய்.

அந்த வாரத் துறை செமினார்ல நான் பேச வேண்டிய முறை. போர்டுல அந்தப் படத்தப் போட்டேன். தனியா ரூமுக்குப் போய் அவருகிட்ட சொல்லியிருக்கணும்னு அப்புறம் ஆளாளுக்குப் புத்தி சொன்னாங்க. எதுக்குத் தனியா? லெம்மாவத் தனியாவா வெளியிட்டாரு? அவரு படத்தக் கொஞ்ச நேரம் பாத்தாரு. எந்திரிச்சு வந்து, தன் கையாலயே டஸ்டர எடுத்து அழிச்சிட்டு, "டீ ஆறுது, வாங்க"ன்னு எல்லாரையும் கூட்டிக்கிட்டுப் போயிட்டாரு.

ஃபெலோஷிப்புல ரெண்டு வருசம் முடிஞ்சா ஒரு கமிட்டி உக்காந்து பாக்கும். நல்லா பண்றான்னு சொன்னா தொகை கூடி மேல தொடரும். இல்லைன்னா அதோட நின்னுடும். என் கமிட்டியில அவரு சொன்னது ஒரே வரி: "முன்னேற்றம் திருப்திகரமாக இல்லை." கமிட்டியில மத்தவங்க ஜன்னலப் பாத்தாங்க. நின்னு போச்சு.

நான் அவரு ரூமுக்குப் போனேன். அழலை. "சார், அந்தப் படத்துல என்ன தப்புன்னு மட்டும் சொல்லிடுங்க, நான் போயிடறேன்"னு கேட்டேன். அவரு கண்ணாடியத் தொடைச்சுக்கிட்டே சொன்னாரு: "அதெல்லாம் எளிதில் காணலாம்மா."

அன்னிக்கு முடிவு பண்ணேன். இந்த மனுசன் ஒரு நாள் போர்டு முன்னாடி நின்னு, நாலு பேரு பாக்க, எளிதில் எப்படிக் காணலாம்னு எனக்குக் காட்டியே ஆகணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்.

ஊருக்குத் திரும்பி வந்தது அதவிடக் கொடுமை. எங்கப்பா ஊரெல்லாம் சொல்லி வெச்சிருந்தாரு, "என் மவளுக்குப் படிக்கறதுக்கே கவர்மெண்டு சம்பளம் தருது"ன்னு. பாப்பாரப்பட்டிச் சந்தையில பாக்கற சனம் எல்லாம் "சம்பளம் வருதாம்மா?"ன்னு கேக்கும். வேணும்னு கேக்கறவங்களும் உண்டு, நெசமாவே தெரியாம கேக்கறவங்களும் உண்டு. ரெண்டு பேருக்கும் "வருதுங்க"ன்னுதான் சொன்னேன். ஒவ்வொரு "வருதுங்க"வுக்கும் அவரு பேர மனசுக்குள்ள ஒரு தடவை சொல்லிக்குவேன்.

அப்புறம் தருமபுரியில ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல வாத்தியார் வேலை. பகல்ல முப்பது புள்ளைங்களுக்கு மேட்ரிக்ஸ், மத்த நேரத்துல ஆராய்ச்சி. வேற பல்கலைக்கழகத்துல, வேற கைடுகிட்ட, வேற தலைப்புல சேந்து பிஎச்.டி. முடிச்சேன். ஸ்காலர்ஷிப் ஒரு பைசா கெடையாது. தீசிஸ்ல பழைய ஆளு பேரு ஒரு எடத்துலயும் இல்லை. அவரு மாணவருங்க பட்டியல்லயும் என் பேரு இல்லை, அவரே அடிச்சிட்டாரு. காகிதத்துல பாத்தா நானும் அவரும் ஒருத்தர ஒருத்தர் அறியாதவங்க.

இது எனக்கு எவ்வளவு பெரிய வரம்னு அப்பத் தெரியலை.

இப்ப ரெண்டு வருசத்துக்கு முன்னாடி, ஆராய்ச்சித் திட்டங்களுக்குப் பணம் குடுக்கற ஒரு அமைப்பு என்னை நிபுணர் குழுவுல போட்டுச்சு. பேராசிரியருங்க திட்டம் எழுதி அனுப்புவாங்க, நாங்க படிச்சுட்டு, நேர்ல கூப்பிட்டுக் கேள்வி கேட்டு, குடுக்கலாம், வேணாம்னு சொல்லணும். அந்தத் தடவை நேர்காணல் தருமபுரியிலயே, நான் வேலை பாக்கற காலேஜ்லயே வெச்சிருந்தாங்க. அனுப்பின கட்டுல மேலயே அவரு திட்டம்.

விதி ஒண்ணு உண்டு. விண்ணப்பிச்சவரு உங்க சொந்தக்காரரா, உங்க கைடா, உங்க மாணவரா, சேந்து ஆராய்ச்சிப் பேப்பர் எழுதினவரான்னு கேப்பாங்க. ஆமான்னா வெலகிக்கணும். நான் ரொம்ப நேர்மையா ஒவ்வொண்ணாப் படிச்சுப் பாத்தேன். இல்லை, இல்லை, இல்லை, இல்லை. கையெழுத்துப் போட்டேன். என்னை வெட்டி விட்டது அவருதானே.

திட்டத்தப் படிச்சேன். அடேங்கப்பா! அதே லெம்மா. அதுக்குக் கீழ அதே வரி. இத்தனை வருசத்துல அந்த மனுசன் அந்த எடத்தத் திரும்பிக்கூடப் பாக்கலை. முழுத் திட்டமும் அந்த அரைப்பக்கத்து மேலதான் நிக்குது. அன்னிக்கு வூட்டுல நான் பாட்டுப் பாடிக்கிட்டே சமைச்சேன். எங்க வூட்டுக்காரரு "என்ன, இன்கிரிமெண்ட் வந்துடுச்சா?"ன்னு கேட்டாரு.

முன்கூட்டியே ரெண்டு வரி எழுதி அனுப்பியிருக்கலாம், "லெம்மா தப்பு, திருத்திக்கிட்டு வாங்க"ன்னு. அதுக்கு வழி இருந்துச்சு. நான் அனுப்பலை. அவரு வரணும். தருமபுரிக்கு வரணும். மாங்கா வெளையற ஊருக்கு ரயிலேறி வந்து எறங்கணும்.

வந்தாரு. தலையெல்லாம் வெள்ளை. ரிட்டயர் ஆக அதிகம் இல்லை. அவருக்குப் பின்னாடி லேப்டாப் பையையும் ஃப்ளாஸ்க்கையும் தூக்கிக்கிட்டு ஒரு பொண்ணு. கைடோட பைய ஸ்காலர்தான் தூக்கணும், அதுவும் வழக்கம். நானும் தூக்கியிருக்கேன். அந்தப் பொண்ணு பென்னாகரத்துப் பக்கம், அவரோட பழைய திட்டத்துல ஃபெலோ. அது முடியப் போவுது. புதுத் திட்டம் கெடைச்சா அவளுக்கு ஸ்காலர்ஷிப் தொடரும், கெடைக்கலைன்னா அந்த மாசத்தோட சரி. இது திட்டத்துலயே எழுதியிருந்துச்சு. நான் படிச்சிருந்தேன். தெரியாம பண்ணேன்னு சொல்ல மாட்டேன்.

அவரு உள்ள வந்ததும் என்னைப் பாத்தாரு. ஒரு நிமிசம் யோசிச்சாரு. அப்புறம் குழுத் தலைவரப் பாத்து வாயெல்லாம் பல்லா, "அட, இவங்க என் ஸ்டூடன்ட் ஆச்சே! நான் வளத்த புள்ளை!"ன்னாரு.

வளத்தாராம்! எனக்கு உச்சந்தலை சூடாயிடுச்சு. ஆனா குரல எறக்கித்தான் பேசினேன். "இல்லைங்க சார். நீங்க குடுத்த மாணவருங்க பட்டியலப் பாத்துட்டேன். என் பேரு இல்லைங்க."

தலைவரு பட்டியலத் திருப்பிப் பாத்தாரு. "ஆமாங்க, இல்லை"ன்னாரு. தலைவரு வயசானவரு, நல்ல மனுசன், அவருக்கு இதுல ஒண்ணும் தெரியாது. கைடு முகத்துல அந்தச் சிரிப்பு அப்படியே இருந்துச்சு, ஆனா எங்க வெக்கறதுன்னு தெரியாம இருந்துச்சு.

ஸ்லைடு போட்டுப் பேசினாரு. முடிஞ்சதும் நான் கேட்டேன். "சார், லெம்மா நிரூபணத்துல மூணாவது வரி. எளிதில் காணலாம்னு போட்டிருக்கீங்க. எனக்குக் காண முடியலைங்க. கொஞ்சம் போர்டுல காட்டறீங்களா?"

அவரு எந்திரிச்சுப் போர்டுகிட்டப் போனாரு. மார்க்கர எடுத்தாரு. முதல் வரிய எழுதினாரு, ரெண்டாவது வரிய எழுதினாரு. மூணாவது வரிக்கு வந்து நின்னாரு. "இது வந்து... இது..."ன்னாரு. நான் ஒதவி பண்ணலை. தண்ணி குடிச்சேன். நல்லா நிக்கட்டும்னு விட்டேன்.

அப்புறம் நானே போய், அவரு பக்கத்துல நின்னு, ஒம்பது புள்ளி வெச்சுக் கோடு போட்டேன். "சார், நிபந்தனை எல்லாம் சரியா இருக்குதுங்களா?" தலைய ஆட்டினாரு. "அந்த நடுப்புள்ளிய எடுங்க." அவரு வெரலாலயே அதைத் தொடைச்சாரு. படம் ரெண்டா நின்னுச்சு. அவரு வெரல்ல கறுப்பு மை.

எப்படி இருந்துச்சுன்னு கேக்கறீங்களா? நல்லா இருந்துச்சு. ஐயோ, அவ்வளவு நல்லா இருந்துச்சு. பெரியவங்க பழி வாங்கினா நிம்மதி வராதுன்னு சொல்லுவாங்கல்ல, சும்மா சொல்றாங்க. எனக்கு அடிவயிறு வரைக்கும் குளுந்துச்சு.

அவர வெளிய அனுப்பிட்டு நாங்க பேசினோம். தலைவரு தயங்கினாரு. "பெரிய மனுசன். ஆறு மாசம் டைம் குடுப்போம், திருத்திக்கிட்டு வரட்டும். அதுவரைக்கும் அந்த ஃபெலோ பொண்ணோட ஸ்காலர்ஷிப்ப மட்டும் நீட்டிச்சு வெக்கலாமா? விதியில எடம் இருக்குது. இது உங்க சப்ஜெக்ட்டு, நீங்க சொல்லுங்கம்மா."

நான் சொன்னேன்: "லெம்மாவே பொய்யின்னா, நீட்டிக்கறதுக்கு என்னங்க சார் இருக்குது?"

"அப்போ என்னன்னு எழுதிக்கட்டும்?"

"முன்னேற்றம் திருப்திகரமாக இல்லைன்னு எழுதிக்குங்க."

அந்த வரிய வாயால சொல்லும்போது எனக்கு இனிச்சுது. அவரு எழுதினாரு. மத்தவங்க ஜன்னலப் பாத்தாங்க.

முடிவக் கேட்டுக்கிட்டு கைடு ஆட்டோ பிடிச்சு ஸ்டேஷனுக்குப் போயிட்டாரு. நான் மத்தவங்கள வழியனுப்பிட்டு நேர்காணல் நடந்த ரூமுக்குத் திரும்பி வந்தப்ப, அந்தப் பொண்ணு மட்டும் லேப்டாப் ஒயரச் சுருட்டிக்கிட்டு இருந்தா. போர்டுல என் படம் அப்படியே இருந்துச்சு. அவ என்னைப் பாத்துட்டு மார்க்கர எடுத்து, என் படத்துக்குக் கீழ இன்னொரு படம் போட்டா. சின்னதா, அழகா.

"ஏழு புள்ளியிலயே வருதுங்க மேடம்"னா.

நான் எண்ணிப் பாத்தேன். சரிதான். என் படத்தவிட நல்ல படம். "எப்பக் கண்டுபிடிச்சே?"

"போன வருசங்க."

"அப்ப ஏன் சொல்லலை?" நான் அதட்டித்தான் கேட்டேன்.

"எங்க டிபார்ட்மெண்ட்ல இன்னும் பேசிக்குவாங்க மேடம். ஒரு தருமபுரி அக்கா செமினார்ல எந்திரிச்சு லெம்மா தப்புன்னு சொன்னாங்க, அதனால அவங்க ஸ்காலர்ஷிப் போச்சுன்னு. அதக் கேட்டுட்டுத்தாங்க நான் வாய மூடிக்கிட்டேன்." பைய மாட்டிக்கிட்டா. "இப்ப மூடிக்கிட்டு இருந்தும் போயிடுச்சு."

அவ போனப்புறம் நான் போர்ட அழிக்கலை. காவலாளி வந்து கதவச் சாத்தணும்னு சொல்ற வரைக்கும் உக்காந்திருந்தேன். அவரு மேல இருந்த கோவம் ஒரு துளியும் குறையலை. அதோட இப்ப வேற ஒண்ணும் சேந்துக்கிச்சு, அதுக்கு என்ன பேருன்னு தெரியலை.

அடுத்த மாசமே அவளத் தேடிப் போனேன். பென்னாகரத்துல ஒரு தனியார் ஸ்கூல்ல பத்தாவதுக்குக் கணக்கெடுக்கச் சேந்திருந்தா. எங்க காலேஜ்ல ஃபெலோஷிப் குடுக்க ஒண்ணும் கெடையாது, நாலு எடத்துல எழுதிக் கேட்டும் இந்த வருசம் முடிஞ்சு போச்சுன்னுட்டாங்க. "ஞாயித்துக்கெழமை என் வூட்டுக்கு வா. அந்த ஏழு புள்ளிய பேப்பரா எழுதுவோம்"னு சொன்னேன். வருவான்னு நான் நெனைக்கலை. வந்தா. பஸ்ஸுல, டிபன் பாக்ஸோட, சிரிக்காம வந்தா. மாசக்கணக்கா வந்தா.

பேப்பர்ல பேரு அவளோடது மட்டும். "உங்க பேரு?"ன்னு கேட்டா. "கைடு பேர முன்னாடி போடற வழக்கமெல்லாம் என் வூட்டுல கெடையாது"ன்னேன். நிரூபணத்துல ஒரு எடத்துலயும் "எளிதில் காணலாம்" வரக் கூடாதுன்னு நான் சொல்றதுக்கு முன்னாடியே அவ எழுதாம விட்டிருந்தா. நல்ல ஆய்வுப் பத்திரிகை ஒண்ணு ஏத்துக்கிச்சு. பேப்பரோட முதல் வரியே அவரு லெம்மா பொய்யின்னு சொல்லுது.

கடைசிப் பக்கத்துல நிதியுதவி யாருதுன்னு எழுதணும். எல்லாப் பேப்பர்லயும் அது இருக்கும், இன்ன அமைப்பு, இன்ன ஃபெலோஷிப்னு. அவ எழுதியிருந்தா: "இந்த ஆய்வுக்கு எந்த நிதியுதவியும் இல்லை."

அச்சுல வந்த அன்னிக்கு அவ என் வூட்டுல இருந்தா. நான் ஒரு காப்பி எடுத்து, சிவப்புப் பேனாவால அந்தக் கடைசி வரிக்கு அடிக்கோடு போட்டு, கவர்ல அவரு வூட்டு அட்ரஸ எழுதினேன். "படிக்கட்டும். ஒரு பொண்ணுக்கு ஸ்காலர்ஷிப் போறதுன்னா என்னன்னு இந்த வரியப் பாத்துத் தெரிஞ்சுக்கட்டும்"னேன்.

அவ டிபன் பாக்ஸக் கழுவிக்கிட்டு இருந்தா. திரும்பாமலேயே சொன்னா: "ரெண்டு காப்பியா எடுங்க மேடம். ரெண்டுலயும் கோடு போடுங்க. ஒண்ண நீங்க வெச்சுக்குங்க."

அவருக்கு அனுப்பிட்டேன். அனுப்பாம விடுவேனா? இன்னொண்ணு என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில இருக்குது.